இருக்கும் விண்டோஸையே உபுண்டுவுக்குள் ஓட்டுவது: இரட்டை இயங்குதளக் கணினி வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு அலுவலகம் நடத்தும் என் நண்பரின் மேசைக் கணினியில் இரண்டு வட்டுகள் இருக்கின்றன. பழைய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10 உள்ளது. பின்னர் வாங்கிப் பொருத்திய 240 ஜிபி எஸ்எஸ்டியில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு உள்ளது. மின்னஞ்சல், இணையம், கடிதங்கள் எல்லாம் உபுண்டுவிலேயே முடிந்துவிடும். ஆனால் கணக்கு மென்பொருளும், மின்கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கனும், பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பத்தாண்டுக் கடிதங்களும் விண்டோஸில்தான் கிடக்கின்றன. வாடிக்கையாளர் ஒருவர் வந்து பழைய கணக்கு ஒன்றைக் கேட்டால், திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடிக் கணினியை மறுதொடக்கம் செய்து, வேலை முடிந்ததும் மறுபடி உபுண்டுவுக்குத் திரும்ப வேண்டும்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, உபுண்டுவுக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியை, அதாவது மென்பொருளாலேயே ஆன ஒரு கணினியை, உருவாக்கி அதில் புதிதாக விண்டோஸை நிறுவுவது. அப்படிச் செய்தால் இன்னொரு உரிமம் வேண்டும், மென்பொருள்களை எல்லாம் மறுபடி நிறுவ வேண்டும், கணக்குக் கோப்புகளும் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வளரத் தொடங்கும். அதைவிட, வட்டில் ஏற்கெனவே இருக்கும் அந்த விண்டோஸையே உபுண்டுவின் ஒரு சாளரத்துக்குள் எழுப்பிக்கொள்ள முடியும். தேவைப்படும் நாளில் அதே விண்டோஸைப் பழையபடி நேரடியாகவும் தொடங்கலாம். இவ்விரண்டு வழிகளில் எதில் வந்தாலும் ஒரே கோப்புகள், ஒரே மேசைத்திரை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு; கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அதிலிருந்து பிறந்தவையே. ஒரு வட்டின் மீது ஒரே நேரத்தில் ஒரே ஒரு இயங்குதளம்தான் எழுதலாம். உள்ளே ஓடும் விண்டோஸ் ஒரு பார்டிஷனை (வட்டில் பிரித்து வைத்த ஒரு பகுதியை) தனக்கே உரியதாக எண்ணி எழுதிக்கொண்டிருக்கும்போது, வெளியே இருக்கும் உபுண்டுவும் அதே பார்டிஷனைத் திறந்து எழுதினால், எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று இரண்டும் தனித்தனியாக வைத்திருக்கும் கணக்கு ஒன்றோடொன்று முரண்பட்டு, கோப்பு முறைமை சிதைந்துபோகும். முதன்முறை முயன்றபோது, உபுண்டுவின் கோப்பு மேலாளரில் விண்டோஸ் வட்டைத் திறந்து வைத்திருந்ததை மறந்து மெய்நிகர்க் கணினியைத் தொடங்கிவிட்டேன். அடுத்த நாள் விண்டோஸ் தானாகவே வட்டுச் சோதனையை ஓட்டியது. உதிர்ந்த கோப்புத் துண்டுகளைப் பெயரில்லாமல் ஒரு தனி அடைவில் கொட்டி வைத்திருந்தது. அது என்னுடைய சோதனைக் கணினி என்பதால் பிழைத்தேன். எனவே முதல் வேலை காப்புநகல். குளோன்சில்லா போன்ற கருவியால் முழு வட்டையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு வடிவிலான மெய்நிகர் வட்டுகளில், பழைய நிலையைப் படம்போல் பிடித்து வைத்து ஒரே சொடுக்கில் திரும்பும் வசதி உண்டு. உண்மை வட்டை நேரடியாகக் கொடுக்கும்போது அந்த வசதி கிடையாது.

விண்டோஸுக்குள் முதலில் செய்ய வேண்டியவை

விண்டோஸை வழக்கம்போல் நேரடியாகத் தொடங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே இயங்கி வருகிறது. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும், விண்டோஸ் முழுமையாக அணையாமல் தன் கருப்பகுதியின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அடுத்த முறை அதே வன்பொருளில் எழுவோம் என்று நம்பி எழுதப்பட்ட அந்த நிலையை, மெய்நிகர்க் கணினி என்னும் வேறு வன்பொருளில் எழுப்புவது ஆபத்து. ஆகையால் நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் ஹெச் எழுத்தும், மேலும் ஓர் இடைவெளி விட்டு ஆஃப் என்பதும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ஹைபர்னேஷன் நின்றுவிடும், அதன் மேல் நிற்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே நின்றுவிடும்.

அடுத்தது விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கர். தாங்கள் அதை இயக்கியதே இல்லை என்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் திறவுகோல், இரகசியத் திறவுகோல்களைக் காப்பதற்கென்றே கணினியில் உள்ள டிபிஎம் சில்லில் பூட்டப்பட்டிருப்பதால், மெய்நிகர்க் கணினிக்குள் எழும் விண்டோஸ் அந்தச் சில்லைக் காணாமல், ஒவ்வொரு முறையும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அலுவலகத்தை விட்டு நகராத மேசைக் கணினி என்றால் பிட்லாக்கரை முழுமையாக நீக்கிவிடுவதே என் பரிந்துரை. பேருந்திலும் தொடர்வண்டியிலும் கொண்டு செல்லும் மடிக்கணினி என்றால் நீக்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். எதுவாயினும் அந்த மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

உள்நுழைவுக்கு நான்கு இலக்கப் பின் எண்ணை மட்டும் நம்பியிருப்பவர்கள் தங்கள் கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பின் எண்ணும் பெரும்பாலும் டிபிஎம் சில்லோடு கட்டப்பட்டது. மெய்நிகர்க் கணினியில் அது செல்லாது, கடவுச்சொல்தான் செல்லும். சில கணினிகளில் விண்டோஸ் ஹெலோ வழியாக மட்டுமே உள்நுழையலாம் என்ற அமைப்பு கடவுச்சொல் பெட்டியையே மறைத்துவிடும் என்பதால், செட்டிங்ஸில் உள்நுழைவுப் பகுதிக்குச் சென்று அதை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டித் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியில் யூஈஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்றிருக்கிறதா லெகஸி (பழைய பயாஸ் முறை) என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெய்நிகர்க் கணினியையும் அதே முறையில்தான் அமைக்க வேண்டும். மாற்றி அமைத்தால் விண்டோஸ் எழாது. பிறகு முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள்.

உபுண்டுவில் சரியான வட்டை அடையாளம் காணுதல்

கணினி எழும் வழியில் பயாஸுக்குள் நுழைந்து, மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இன்டெல் கணினிகளில் அது வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஸ்விஎம் மோடு என்றும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

உபுண்டுவில் நாம் பயன்படுத்தப்போவது, மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் கேவிஎம். 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கர்னலிலிருந்தே இது லினக்ஸின் ஒரு பகுதி. அதை இயக்குவதற்கான வரைகலை முகப்பு வர்ட்-மேனேஜர். உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாக வர்ட்-மேனேஜர், ஓவிஎம்எஃப் ஆகிய இரு பொதிகளை நிறுவுங்கள். இரண்டாவது, மெய்நிகர்க் கணினிக்கு யூஈஎஃப்ஐ நிலைபொருளைத் தருவது. உங்கள் பயனர் பெயர் லிப்வர்ட் குழுவில் இல்லையெனில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸில் உண்மை வட்டைக் கொடுக்க வேண்டுமானால், பொதுவாக உங்கள் பயனர் கணக்குக்கே வட்டுகளின் மீது நேரடியாக எழுதும் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். வர்ட்-மேனேஜரிலோ பின்னணியில் இயங்கும் லிப்வர்ட், நீங்கள் சொல்லும் அந்த ஒரு வட்டுக்கு மட்டும் உரிமையை ஏற்படுத்திக்கொள்ளும்.

இப்போது டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். வட்டுகளும் அவற்றின் பார்டிஷன்களும் கிளை விரித்ததுபோல் பட்டியலாக வரும். அளவை வைத்து விண்டோஸ் வட்டைக் கண்டுபிடித்துவிடலாம். நண்பரின் கணினியில் ஒரு டெராபைட் எங்கே, 240 ஜிபி எங்கே என்று பார்த்தாலே போதும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று தெரியும் பெயர்களை நம்பி அமைக்கக் கூடாது. இன்று ஏ என்று வந்த வட்டு அடுத்த தொடக்கத்தில் பி என்று வரலாம். டெவ் அடைவுக்குள் டிஸ்க் என்ற அடைவும், அதனுள் பை-ஐடி என்ற அடைவும் இருக்கும். அங்கே ஒவ்வொரு வட்டும் தன் மாதிரிப் பெயரோடும் வரிசை எண்ணோடும் நிற்கும். அந்தப் பெயர் மாறாது. இறுதியில் பார்ட் என்ற சொல்லும் எண்ணும் ஒட்டாத பெயரே முழு வட்டைக் குறிக்கும். அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். எந்தப் பார்டிஷன் எந்த இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது உபுண்டுவில் திறந்து இணைக்கப்பட்டிருக்கிறது, என்று அது காட்டும். விண்டோஸ் வட்டின் கீழே வரும் எல்லா வரிகளிலும் அந்தப் பத்தி வெறுமையாக இருக்க வேண்டும். ஏதேனும் இருந்தால் அன்மவுண்ட் செய்துவிட்டு, எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வட்டைத் தானாக மவுண்ட் செய்யும் வரி உள்ளதா என்று பார்த்து அதையும் நீக்குங்கள். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு பள்ளம் உண்டு. உபுண்டுவை இரண்டாவது வட்டில் நிறுவினாலும், பழைய நிறுவி தன் பூட் கோப்புகளை முதல் வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கென இருக்கும் ஈஎஃப்ஐ பார்டிஷனிலேயே போட்டுவிடும் வழக்கம் உடையது. அப்படி நேர்ந்திருந்தால், விண்டோஸ் வட்டின் சிறிய பார்டிஷன் ஒன்று பூட் அடைவுக்குள் ஈஎஃப்ஐ என்ற பெயரில் மவுண்ட் ஆகியிருக்கும். மெய்நிகர்க் கணினியைத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் அதை அன்மவுண்ட் செய்ய வேண்டும். உபுண்டுவின் பூட் கோப்புகளைப் புதுப்பிக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் அது இல்லாவிட்டாலும் உபுண்டுவுக்கு ஒன்றும் ஆகாது.

மெய்நிகர்க் கணினியை அமைத்தல்

வர்ட்-மேனேஜரில் புதிய கணினி உருவாக்கும் பொத்தானை அழுத்தி, ஏற்கெனவே உள்ள வட்டுப் படிமத்தை இறக்குமதி செய்யும் தேர்வை எடுங்கள். கோப்பின் பாதையைக் கேட்கும் பெட்டியில், நகலெடுத்து வைத்த வட்டுப் பெயரை முழுப் பாதையோடு ஒட்டுங்கள். இயங்குதளம் எது என்ற கேள்விக்கு உங்கள் விண்டோஸ் பதிப்பைச் சொல்லுங்கள். இந்தப் பதிலைச் சரியாகக் கொடுத்தால், மெய்நிகர்க் கணினியின் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் அமையும். இல்லாவிட்டால் விண்டோஸ் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் விலகி நின்று, கணக்கு மென்பொருளில் பற்றுச்சீட்டுக்குத் தவறான தேதியைப் போட வாய்ப்பு உண்டு.

8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் விண்டோஸுக்கு 4 ஜிபி கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் உபுண்டு திணறும். கடைசிப் பக்கத்தில், தொடங்கும் முன் அமைப்புகளை மாற்றிக்கொள்ளும் தேர்வுப் பெட்டியைக் கட்டாயம் குறியிடுங்கள்.

திறக்கும் சாளரத்தில் ஃபர்ம்வேர் என்ற இடத்தில், முன்பு குறித்துக்கொண்டபடி யூஈஎஃப்ஐ அல்லது பயாஸைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை சேமித்த பிறகு இதை மாற்றுவது தொல்லை. வட்டின் இணைப்பு வகை சாட்டா என்று இருக்கட்டும். மெய்நிகர்க் கணினிகளுக்கென்றே உள்ள வர்ட்ஐஓ வகை வேகமானதுதான், ஆனால் அதற்கான டிரைவர் உங்கள் விண்டோஸில் இன்னும் இல்லை. கேஷ் முறையில், எதுவும் வேண்டாம் என்று பொருள்படும் நன் (none) என்பதைத் தேர்ந்தெடுங்கள்; அன்சேஃப் என்று பெயரிலேயே எச்சரிக்கை சுமக்கும் முறையைத் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே மின்சாரம் போய்விடும் ஊர் நம்முடையது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

செயலிப் பகுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரே ஒரு சாக்கெட்டை (செயலிச் சில்லைப் பொருத்தும் இடத்தை) மட்டுமே ஏற்கும். நான்கு செயலிகளைக் கொடுத்தும் விண்டோஸ் ஆமைபோல் நகர்ந்தால், அவை நான்கு தனிச் சாக்கெட்டுகளாகக் காட்டப்பட்டு, ஹோம் பதிப்பு அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். டோபாலஜியைக் கைமுறையாக அமைத்து, சாக்கெட் ஒன்று, கோர் இரண்டு அல்லது நான்கு என்று கொடுங்கள். நெட்வொர்க் அட்டைக்கு ஈ1000ஈ போதும். விண்டோஸிலேயே அதற்கான டிரைவர் உண்டு. வன்பொருள் பட்டியலில் டிபிஎம் சேர்ந்திருந்தால் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே நிறுவப்பட்ட விண்டோஸ் அது இல்லாமலே எழும்.

முதல் தொடக்கம்

தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் கூடிவந்தால் விண்டோஸ் சின்னமும், சாதனங்கள் தயாராகின்றன என்ற செய்தியும் வரும். புதிய வன்பொருளைப் பார்த்து விண்டோஸ் தன்னை மாற்றிக்கொள்ளும் நேரம் அது; பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரும் அளவுக்கு நீளும். இடையில் சாளரத்தை மூடாதீர்கள்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில், உபுண்டுவின் தொடக்க நிரலான க்ரப்பின் பெயர் மட்டும் நின்றால் பதற வேண்டாம். மேலே சொன்னபடி உபுண்டுவின் பூட் கோப்புகள் அந்த வட்டில் இருப்பதால், மெய்நிகர்க் கணினியின் நிலைபொருள் முதலில் அவற்றைத் தொடங்கிவிட்டது. க்ரப்போ, இங்கே இல்லாத எஸ்எஸ்டியில் உள்ள உபுண்டுவைத் தேடி ஏமாந்து நிற்கிறது. மெய்நிகர்க் கணினியை அணைத்து மறுபடி தொடங்கி, முதல் சின்னம் தோன்றியவுடன் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் பூட் மெயின்டெனன்ஸ் மேனேஜருக்குள் சென்று, புதிய பூட் தேர்வைச் சேர்க்கும் இடத்தில், ஈஎஃப்ஐ அடைவு, அதனுள் மைக்ரோசாஃப்ட், அதனுள் பூட் என்று இறங்கி, பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ என்ற கோப்பைத் தேர்ந்து சேமித்து, வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள். இந்த மாற்றம் மெய்நிகர்க் கணினியின் நினைவில் மட்டுமே பதியும். உண்மைக் கணினியின் தொடக்க வரிசை மாறாது.

நீலத் திரையில் இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ் என்ற பிழை வந்தால், சாட்டா வட்டைப் படிக்கும் டிரைவர் தொடக்கத்திலேயே ஏறவில்லை என்று பொருள். என்விஎம்இ வட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இது நேரலாம். விண்டோஸை நேரடியாகத் தொடங்கி, எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைக் குறியிட்டு அணைத்துவிட்டு, மெய்நிகர்க் கணினியில் ஒருமுறை சேஃப் மோடில் எழுப்புங்கள். எழுந்த பின் அந்தக் குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை இயல்பாகவே எழும்.

உள்ளே போனதும் விண்டோஸ் உயிர்ப்பிக்கப்படவில்லை என்ற வரி திரையோரம் தெரியலாம். கணினியோடு வந்த உரிமம் அதன் தாய்ப்பலகையோடு கட்டப்பட்டது. மெய்நிகர்க் கணினி அதன் பார்வையில் வேறொரு கணினி. நேரடியாகத் தொடங்கும்போது பொதுவாக உரிமம் பழையபடி ஏற்கப்பட்டுவிடும். கணக்கு மென்பொருள்களில் சிலவும் இதே காரணத்தால் உரிமத்தை மறுபடி கேட்கும். அதை விற்றவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, குறிப்பாகக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்துக்கு முன்.

ஒரே வட்டில் இரண்டும் இருந்தால்

மடிக்கணினிகள் பலவற்றின் நிலை இதுதான், இங்கேதான் நான் மிகவும் தயங்குகிறேன். முழு வட்டையும் கொடுத்துவிட்டால் அதில் உபுண்டுவும் அடங்கும். மெய்நிகர்க் கணினியில் க்ரப் பட்டியல் வந்து, நீங்கள் எதையும் தொடாமல் இருந்தால், சில நொடிகளில் முதல் வரியில் உள்ள உபுண்டு எழத் தொடங்கும். அதாவது வெளியே ஓடிக்கொண்டிருக்கும் அதே உபுண்டு, அதே பார்டிஷனிலிருந்து, இரண்டாம் முறையாக எழும். சில நிமிடங்களில் இரண்டுமே பாழாகும். விர்ச்சுவல்பாக்ஸில் குறிப்பிட்ட பார்டிஷன்களை மட்டும் காட்டும் ஒரு வகை வட்டுக் கோப்பை உருவாக்க முடியும் என்பது உண்மை. ஆனால் எண் ஒன்றைத் தவறாகத் தட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

புதியவர்களுக்கு என் யோசனை இரண்டு. மடிக்கணினியில் இரண்டாவது வட்டுக்கு இடமிருந்தால் உபுண்டுவை அதற்கு மாற்றிவிடுங்கள். இடமில்லையெனில், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான டிஸ்க்2விஹெச்டியை விண்டோஸில் ஓட்டி, அந்த விண்டோஸையே ஒரு கோப்பாக நகலெடுத்து, அந்தக் கோப்பை உபுண்டுவில் மெய்நிகர்க் கணினியாக ஓட்டுங்கள். அது நகல்தான், இரு பக்கமும் கணக்கு எழுதினால் இரண்டும் பிரிந்து போய்விடும் என்பதால், எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் வட்டு சிதையும் அபாயம் இல்லை.

அன்றாடப் பயன்பாட்டில்

திரையின் அளவு சாளரத்துக்கு ஏற்ப மாறவும், உபுண்டுவில் நகலெடுத்ததை விண்டோஸில் ஒட்டவும், விண்டோஸுக்குள் ஸ்பைஸ் கெஸ்ட் டூல்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். மின்கையொப்ப டோக்கனைச் செருகியதும், வர்ட்-மேனேஜர் சாளரத்தின் மெனுவில் யூஎஸ்பி சாதனத்தைத் திருப்பிவிடும் வரியைத் தேர்ந்து டோக்கனைக் குறியிட்டால், அது உபுண்டுவை விட்டு விண்டோஸுக்குள் போய்விடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே இணையம் தேவைப்படாத நாள்களில் மெய்நிகர்க் கணினியின் நெட்வொர்க் அட்டை இணைப்பை மட்டும் துண்டித்து வைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் விண்டோஸை உள்ளிருந்தே ஷட் டவுன் செய்யுங்கள். வர்ட்-மேனேஜரில் நிலையைச் சேமித்து நிறுத்தும் சேவ் என்ற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸை நேரடியாகத் தொடங்கி எதையாவது எழுதினால், சேமித்த நிலையை மறுபடி எழுப்பும் நாளில், முதலில் சொன்ன அதே சிதைவு நேரும். மெய்நிகர்க் கணினி ஓடும்போது உபுண்டுவை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போவதும் அதே வகைதான். ஷட் டவுன் கொடுத்த பின், வர்ட்-மேனேஜர் பட்டியலில் ஷட்ஆஃப் என்று வரும் வரை காத்திருங்கள். அதன் பிறகே உபுண்டுவின் கோப்பு மேலாளரில் அந்த வட்டைத் திறக்கலாம். நண்பரின் கணினியில், அவருடைய உதவியாளர் பழக்கத்தில் அதைச் சொடுக்கிவிடாதபடி, கோப்பு மேலாளரின் பக்கப்பட்டையில் அந்த வட்டே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன்.